கீழ்வீட்டிலிருந்து வந்த பரிசுகள்

பொட்டலத்தைப் பிரித்தது அப்பாதான். திருவோணத்துக்கு முந்தின நாள் மாலை. மலையாள நாளிதழில் சுற்றிச் சணலால் கட்டியிருந்தது. அப்பாவுக்கு நடுக்கவாதம் வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. ஒரு முடிச்சை அவிழ்க்கக் கால்மணி நேரம் பிடிக்கும். நான் கை வைத்தால் அவருக்குப் பிடிக்காது. அதனால் எதிரே உட்கார்ந்து, உதவப் பரபரக்கும் கைகளை மடியில் அடக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். உள்ளே நான்கு குட்டிப் பூட்ஸுகள் இருந்தன. பழைய கறுப்புக் குடைத்துணியைப் பல மடிப்பாக மடித்துத் தைத்தவை. அடியில் சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி வைத்துத் தைத்திருந்தது. வாயை இறுக்கிக் கட்ட ஒரு நாடா. ஒவ்வொன்றும் என் சுட்டுவிரல் உயரம்தான் இருக்கும். அப்பா ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆருக்கு மக்ளே பிள்ள பெறந்திருக்கு?" என்று கேட்டார். எனக்கு அதற்குள் புரிந்துவிட்டது. அவர் அதன் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு நாற்காலிக்குப் பக்கத்தில் நின்ற வாக்கரைப் பார்த்தார். அதன் நான்கு அலுமினியக் கால்களையும் பார்த்தார். பூட்ஸுகளை ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்து நாளிதழை மடித்தார். "கீழ சத்தம் கேக்குது போல" என்றார்.

கீழே என்றால் டீச்சர் வீடு. கரமனையில் ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு சந்துக்குள் ஆறு வீடுகள் கொண்ட சின்னக் கட்டடம் அது. என் கல்யாணம் முறிந்தபின் நாகர்கோவிலிலிருந்து அப்பாவையும் அழைத்துக்கொண்டு வந்து இரண்டாம் மாடியில் குடியேறினேன். எங்களுக்கு நேர் கீழே முதல் மாடியில் டீச்சர். அரசுப் பள்ளியில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கரமனையிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பம். பேச்சில் தமிழ் எது மலையாளம் எது என்று பிரிக்க முடியாது. தனியாக இருந்தார். எழுபதை நெருங்கிய வயதிலும் முதுகு வளையாமல் நடப்பார். யாரையும் பார்த்துச் சிரித்து நான் கண்டதில்லை. ஆனால் ஓணத்துக்கும் தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஐந்து வீட்டுக்கும் அவர் கையால் செய்த பரிசு வந்துவிடும். கடையில் வாங்கிய பொருள் எதுவும் அதில் இருக்காது. கிழிந்த சேலை, உடைந்த குடை, பழைய நாளிதழ், எதையாவது வெட்டி, பின்னி, தைத்து, ஒரு பொருளாக்கிக் கொடுப்பார்.

வந்த புதிதில் எனக்கு அது பெரிய ஆச்சரியமாக இருந்தது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனுஷியா என்று அப்பாவிடம் சொன்னேன். முதல் ஓணத்துக்கு எங்களுக்கு வந்தவை வட்ட வட்டமாகத் தைத்த பதினாறு கெட்டித்துணி வில்லைகள். தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைப்பதற்கு என்று நினைத்து, மூன்று விரல் அகலத்துக்கு எந்தக் கோப்பை நிற்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அக்காதான் வாசலில் நின்று சிரிசிரியென்று சிரித்தார். "உங்க வீட்டுல நாலு கசேர உண்டுல்லா? நாலு நாலா பதினாறு காலு. இழுக்கும்போ சத்தம் வருதாம்." பிறகு ஒவ்வொரு வீட்டின் கதையாகச் சொன்னார். ஈரத் துணியை ஜன்னலில் உதறிப் போட்டு டீச்சர் வீட்டுச் சமையலறையில் சொட்டவிட்ட குடும்பத்துக்கு, பழைய சேலைகளைக் கிழித்து முறுக்கிய நீளமான கொடிக்கயிறு. மொட்டைமாடியில் கட்டிக்கொள்ளலாம். கதவை அறைந்து சாத்தும் வீட்டுக்கு மணல் அடைத்த துணி வாத்து, கதவிடுக்கில் வைக்க. படிக்கட்டில் செருப்பைச் சிதறவிடும் எதிர்வீட்டு அக்காவுக்கே ஆறு அறை வைத்த செருப்புப் பை. கொடுக்கும்போது டீச்சர் ஒரே வாக்கியம்தான் சொல்வார். "உபகாரப்படும், கேட்டோ." பயன்படும் என்று அர்த்தம். அவ்வளவுதான். திட்டியிருந்தால் திரும்பத் திட்டலாம். பண்டிகைக்குப் பரிசு கொண்டுவந்து தருகிறவரிடம் என்ன சண்டை போட முடியும்? கையை நீட்டி வாங்கி, நன்றி என்று வேறு சொல்ல வேண்டும்.

நாற்காலி வில்லைகளை நான் குப்பையில் போட்டேன். நாற்காலியை முன்னைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இழுத்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தம்பானூரில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் எனக்கு வேலை. காலையிலிருந்து மாலைவரை, பயணக் களைப்பில் வந்து எரிந்து விழுகிறவர்களிடமெல்லாம் சிரித்துக்கொண்டே நிற்க வேண்டும். வீட்டுக்கு வரும்போது என்னிடம் சிரிப்பு எதுவும் மிச்சமிருக்காது. சேர்த்துவைத்த கோபத்தைக் காட்ட ஓர் இடம் வேண்டியிருந்தது. டீச்சர் அகப்பட்டார்.

ஆனால் வாக்கரின் சங்கதி வேறு. பிசியோதெரபிஸ்ட் அப்பாவைக் காலையிலும் மாலையிலும் நூறு நூறு அடி நடக்கச் சொல்லியிருந்தார். கூடத்திலிருந்து படுக்கையறை, படுக்கையறையிலிருந்து கூடம். வாக்கரைத் தூக்கி முன்னால் வைப்பது, ஓர் அடி, மறுபடி தூக்கி வைப்பது. டக், டக் என்று அந்தச் சத்தம் வீட்டில் கேட்டுக்கொண்டே இருக்கும். கால்களின் அடியிலிருந்த ரப்பர் தேய்ந்து அலுமினியம் நேராகத் தரையில் படுகிறது என்பது எனக்குத் தெரியும். புது ரப்பர் வாங்க வேண்டும் என்று இரண்டு மாதமாக நினைத்து இரண்டு மாதமாக மறந்திருந்தேன். அந்தச் சத்தம்தான் வீட்டில் எனக்கு இருந்த ஒரே ஆறுதல். குளித்துக்கொண்டிருந்தாலும் சமைத்துக்கொண்டிருந்தாலும் அது கேட்கும்வரை அப்பா நடக்கிறார். நடக்கிறவரை இருக்கிறார். அதற்குத்தான் ஒருத்தி கீழே உட்கார்ந்து குடைத்துணியில் வாய்ப்பூட்டு தைத்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. அந்த நேரத்தில் மனதுக்குள் அவள் என்றுதான் சொன்னேன். அப்பா பார்க்காதபோது பொட்டலத்தைக் கொண்டுபோய் ஆற்றோரக் குப்பைமேட்டில் வீசினேன்.

மறுநாள் அப்பா, "அந்தச் செருப்ப எங்க வச்ச மக்ளே? போட்டுப் பாக்கலாமே" என்று கேட்டார். வீசிவிட்டேன் என்றேன். "உங்க நடைக்கு யாரும் உறை போட வேண்டாம்பா. அவங்களுக்குக் கஷ்டம்னா காதை மூடிக்கட்டும்." அப்பா வாழ்நாள் முழுவதும் யாருக்கும் தொந்தரவு தராமல் வாழ்ந்தவர். பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் மேல் கை படக்கூடாது என்று ஒடுங்கி உட்கார்கிற ஆள். "பாவம், வயசான பொம்பள, மேல இடிச்சிக்கிட்டே இருந்தா எப்படி இருக்கும்" என்றார். அதன்பிறகு அவர் நடப்பது குறைந்தது. நூறு அடி ஐம்பதானது. பிறகு படுக்கைக்கும் குளியலறைக்கும் மட்டும் என்றானது. அந்த நடையிலும் வாக்கரை ஊன்றாமல் தூக்கிப் பிடித்தபடி இரண்டு அடி வைத்து, அப்புறம் பூனையைத் தரையில் விடுவதுபோல் மெதுவாக வைப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்த்தேன். ஊன்றி நடங்க என்று கத்தினேன். புது ரப்பர் வாங்கிப் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். எனக்கு அப்போது தோன்றியதெல்லாம் டீச்சரை என்ன செய்வது என்பதுதான்.

தீபாவளி வந்தது. அந்த வருடம் நானும் பரிசு செய்தேன். நான்கு வீடுகளுக்கு மண் அகல்விளக்குகளுக்குச் சாயம் பூசி, இரண்டிரண்டாக ஓலைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். டீச்சருக்குத் தனியாக ஒன்று. பட்டு ரவிக்கைத் துணியின் மிச்சத்தில் சுருக்குப்பை தைத்து, அதற்குள் காதில் அடைக்கிற அளவுக்கு உருட்டிய பஞ்சுருண்டைகளைப் போட்டேன். இரண்டு மாலைகள் உட்கார்ந்து தைத்தேன். அவ்வளவு ஈடுபாட்டோடு அதற்குமுன் யாருக்கும் எதையும் செய்ததில்லை. மற்ற வீட்டுக்காரர்களும் வாசலில் நின்றிருந்த நேரமாகப் பார்த்துக் கீழே போய்க் கொடுத்தேன். "உபகாரப்படும், டீச்சர்" என்றேன். அவர் அங்கேயே பையைத் திறந்தார். ஓர் உருண்டையை எடுத்துப் பார்த்தார். எதிர்வீட்டு அக்கா சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். டீச்சர் உருண்டையை உள்ளே போட்டுவிட்டு, பையை உள்புறமாகத் திருப்பித் தையலைப் பார்த்தார். "ஓட்டுத் தையல் போட்டிருக்கீங்க. இது நிக்காது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மறுநாள் காலை அந்தப் பை எங்கள் கதவுக் கைப்பிடியில் தொங்கியது. என் தையல் முழுவதையும் பிரித்து, பொடிப்பொடியாகக் கெட்டித் தையல் போட்டிருந்தார். பஞ்சு உள்ளேயே இருந்தது.

அதன்பின் எங்களுக்குள் பேச்சு நின்றது. படியில் எதிர்ப்பட்டால் இருவரில் ஒருவர் சுவரைப் பார்ப்போம். கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டி விஷயமாக எல்லோரும் எண்களைப் பகிர்ந்து வைத்திருந்ததால் அவர் எண் என் போனில் இருந்தது. சத்தம் அதிகம் என்று தோன்றினால் ஒருமுறை அடித்துவிட்டு வைத்துவிடுவார். நான் எடுக்க மாட்டேன். வேலைக்குப் போகும்போது அப்பாவை உள்ளே வைத்து வெளியே பூட்டிக்கொண்டு போவது என் வழக்கம். வாசல்வரை நடந்து வந்தாலும், நடுங்கும் கையால் தாழ்ப்பாளைத் திறக்க அவரால் முடியாது. "ஒரு சாவிய டீச்சர்ட்ட குடுத்து வையேன். வீட்டுலயே இருக்காங்கல்லா" என்று அப்பா பலமுறை சொன்னார். செத்தாலும் கொடுக்க மாட்டேன் என்று ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அந்தச் சொல்லை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம். ஹோட்டலில் அறைகள் நிரம்பி, முன்பதிவு செய்த இரண்டு குடும்பங்களுக்கு ஒரே அறையைக் கொடுத்துவிட்டதில் மேசைக்கு முன்னால் பெரிய ரகளை. பதினோரு மணி இருக்கும். போன் அதிர்ந்தது. டீச்சர். துண்டித்தேன். மறுபடி டீச்சர். துண்டித்தேன். மூன்றாவது முறை வந்தபோது, அப்பா என்னத்தையோ கீழே போட்டுவிட்டார், அதைச் சொல்ல இப்படி விரட்டுகிறாள் என்று நினைத்து, அவர் அழைப்பே வராதபடி அந்த எண்ணை முடக்கினேன். முடக்கிவிட்டு எதிரே நின்றவரைப் பார்த்துச் சிரித்தேன். முக்கால்மணி நேரம் கழித்துத் தெரியாத எண் ஒன்றிலிருந்து அழைப்பு. வாடிக்கையாளராக இருக்கும் என்று உடனே எடுத்தேன். தென்காசிப் பக்கத்துப் பேச்சு. "அக்கா, ஒங்க வீட்டுக்கு எதுத்தாப்புல வேல பாக்குற கொத்தனார் பேசுதேன். அய்யா விழுந்துட்டாவ. அந்த டீச்சரம்மா கூட்டியாந்தாவ, பூட்ட ஒடச்சிட்டோம். பேச்சு இருக்கு, காலத்தான் அசைக்க முடியல. வாங்க."

நடந்ததைப் பிறகு கொத்தனார்தான் சொன்னார். சத்தம் கேட்டதும் டீச்சர் மேலே ஓடி வந்து கதவைத் தட்டியிருக்கிறார். உள்ளே அப்பாவின் முனகல். எனக்கு மூன்று முறை அடித்திருக்கிறார். அது பகல் நேரம், மற்ற வீட்டு ஆண்களும் பெண்களும் வேலைக்குப் போயிருந்தார்கள். சந்தின் எதிர்ப்பக்கம் கட்டுமானம் நடக்கும் இடத்துக்குப் போய், சாரத்தின் மேல் நின்றவர்களைக் கூவி அழைத்து, இரண்டு பேரைக் கடப்பாரையோடு கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். ஆம்புலன்ஸுக்குச் சொன்னவரும், கொத்தனாரிடம் என் எண்ணைக் கொடுத்தவரும் அவர்தான். அப்பா வாக்கரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறார், வழக்கம்போல் சத்தம் வராமல் இருக்க. அது கையைவிட்டு ஒரு பக்கம் போக, அவர் மறுபக்கம் விழுந்திருக்கிறார்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் டீச்சர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். சேலையில் அப்பாவின் மூத்திரக் கறை. தரையில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்திருந்திருக்கிறார். அது எனக்கு அப்போது தெரியாது. இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது, அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போன கணம் அது. எனக்குள் இருந்த அத்தனையும் அவர் மேல் திரும்பியது.

"இப்போ சத்தம் அடங்கிச்சா டீச்சர்? நிம்மதியா இருக்கலாம்ல?" என்றேன். "நீங்க குடுத்த அந்த நாலு துணியைப் பார்த்த நாள்லேர்ந்து அவர் ஊன்றி நடக்கவே பயந்தார்."

டீச்சர் எழுந்தார். அதுவரை என்னை நீங்க என்றுதான் அழைத்துவந்தார். அன்று நீ ஆனேன்.

"அதை அவருக்குப் போட்டுக் குடுத்தியா?" என்று கேட்டார்.

எனக்கு ஆற்றோரக் குப்பைமேடு நினைவுக்கு வந்தது.

"அடியில ரப்பர் வச்சுத் தைச்சது எதுக்குன்னு நீ விசாரிச்சே? சத்தத்துக்குத் துணியே போதும். அந்த வாக்கர் கால் அப்பவே ரெண்டு மாசமா வழுக்கிட்டிருந்தது எனக்குக் கீழே கேட்டுது. மேலே இருக்கிற உனக்குக் கேக்கல்லை." குரலை உயர்த்தாமலே பேசினார். "மூணு தடவை விளிச்சேன். நீ தந்த பஞ்சைக் காதில வச்சிருந்தேன்னா, நீ ஜோலி முடிஞ்சு வார வரைக்கும் உங்கப்பா தரையில கிடந்திருப்பார்."

நடைபாதையில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள். டீச்சர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதனாலேயே அவரை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. தன் மேல் தப்பே இல்லாததுபோல் நின்றாரே என்று பல நாள் குமைந்தேன். அப்பா வெட்கப்பட்டதும் நிஜம். அந்த வெட்கம் அவர் வீட்டிலிருந்துதான் நாளிதழில் சுற்றி வந்தது. அதையும் யாராவது அவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சொன்னால் திரும்ப என்ன வரும் என்ற பயத்தில் சொல்லவில்லை.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு அப்பா நடக்கவில்லை. ஏழு மாதம் படுக்கையில் இருந்தார். பகலில் கவனிக்க ஓர் அம்மாவை வைத்தேன். பொங்கலுக்கு மறுநாள் அப்பா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். குரல் மிகவும் இறங்கியிருந்தது. "டீச்சர்ட்ட ஒரு நன்றி சொல்லணும் மக்ளே. ரொம்ப நேரம் தலைய மடியில வச்சிருந்தாங்க. மலையாளத்துல என்னமோ சொல்லிக்கிட்டே இருந்தாங்க. எனக்காக நீ போய்ச் சொல்லீட்டு வா." அப்போதுதான் அந்தக் கறையின் காரணம் எனக்குப் புரிந்தது. சரி என்று எழுந்து படிவரை போனேன். கீழே அவர் வீட்டுக் கதவு தெரிந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். "சொல்லிட்டேம்பா" என்றேன். "என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். "பரவாயில்லைன்னாங்க." அப்பா கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் நிம்மதி தெரிந்தது. ஆடி மாதத்து மழையில் ஒரு விடியற்காலை அவர் போனார். டீச்சர் வந்து அப்பாவின் கால்மாட்டில் கொஞ்ச நேரம் நின்றார். என்னைப் பார்க்காமலே இறங்கிப் போனார்.

அடுத்த மாதம் ஓணம். திருவோணத்துக்கு முந்தின நாள் எதிர்வீட்டு அக்கா கையில் நாளிதழ்ப் பொட்டலத்தோடு படியேறி வந்தார். மேலேயும் கீழேயும் எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டது. எங்களுக்கு வரவில்லை. துக்க வீடு, பண்டிகை இல்லை, அதனால் இருக்கும் என்று எதிர்வீட்டு அக்கா சொன்னார். அது சரியான காரணம்தான். ஆனாலும் மத்தியானம் முழுக்க என் காது படிக்கட்டிலேயே இருந்தது. மாலையில் என்னாலேயே நம்ப முடியாமல் கீழே இறங்கிப் போய்க் கதவைத் தட்டினேன்.

"எந்தா?" என்றார் டீச்சர்.

"எங்க வீட்டுக்கு இந்தத் தடவை ஒண்ணும் இல்லையா டீச்சர்?"

என் முகத்தை நேராகப் பார்த்தார். "உங்க வீட்டிலேர்ந்து இப்போ சத்தம் ஒண்ணும் வாரதில்லையே" என்றார்.

அவர் கன்னத்தில் அறைந்துவிட வேண்டும்போல் இருந்தது. அதே நேரத்தில், இந்த ஒரு மாதமாக அவர் கீழே உட்கார்ந்து மேலே கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார் என்பதும் உறைத்தது. என்ன சொல்வதென்று தெரியாமல், "அப்பா உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார். தை மாசமே. சொல்லிட்டேன்னு அவர்கிட்ட பொய் சொன்னேன்" என்றேன்.

டீச்சர் கதவில் கை வைத்தபடி நின்றார். "இதைச் சொல்ல நீ வரல்லை. பரிசு கிட்டல்லைன்னு கேக்க வந்தே" என்றார். கதவு மூடிக்கொண்டது.

அவர் சொன்னது சரிதான். அதைச் செரித்துக்கொள்ள எனக்கு இன்னும் பத்து மாதம் தேவைப்பட்டது. அடுத்த வருடம், பண்டிகை எதுவும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு, கையில் எதுவும் இல்லாமல் கீழே போனேன். வாசலிலேயே நின்றேன். "டீச்சர், எங்கப்பாவைக் காப்பாத்தினதுக்கு அவர் சார்பா நன்றி. தலையை மடியில வச்சுக்கிட்டதுக்கு என் சார்பா" என்றேன். வழியில் யோசித்து வைத்திருந்த மற்றதெல்லாம், அவர் மேல் சொல்ல நினைத்த குறை உட்பட, மறந்துவிட்டது.

அவர் தைத்துக்கொண்டிருந்த துணி கையிலேயே இருந்தது, ஊசி அதில் குத்தியபடி.

"சரி" என்றார். பிறகு, "உன் குளிமுறியில டாப்பு சொட்டுது. ஒரு மாசமாச்சு. ராத்திரியெல்லாம் பக்கெட்டில விழுற சத்தம். ஆளை விளிச்சு நேராக்கு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

எரிச்சலோடுதான் படியேறினேன். குளியலறைக்குப் போய் விளக்கைப் போட்டுப் பார்த்தேன். பக்கெட் பாதி நிறைந்திருந்தது. குழாய் நுனியில் ஒரு துளி திரண்டு, தொங்கி, விழுந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அந்தச் சத்தம் அன்றுவரை எனக்குக் கேட்டதே இல்லை.